மே மாதத்தில் பிறந்தவர்கள்

ஓய்வூதியக் கோப்புக்குப் பிறந்த தேதிச் சான்று வேண்டும் என்றார்கள். அம்மாவின் தகரப் பெட்டியைத் திறந்து, சேலைகளுக்கு அடியில் பாலித்தீன் பையில் சுற்றி வைத்திருந்த என் எஸ்.எஸ்.எல்.சி. புக்கை வெளியே எடுத்தேன். அட்டை மடிந்து, ஓரங்களைப் பூச்சி அரித்திருந்தது. உள்ளே மை மட்டும் மங்கவில்லை. என் பெயர், அப்பா பெயர், அங்க அடையாளங்கள், பாடவாரியாக மதிப்பெண், தலைமையாசிரியரின் சாய்ந்த கையெழுத்து. பிறந்த தேதி மே 25.

அம்மா இருந்தவரை அந்தத் தேதியை ஒப்புக்கொண்டதே இல்லை. "நீ பெறந்தது கார்த்திகையில. காய் எடுப்பு நடுவுல வலி வந்து, சாக்குல உக்கார வச்சுத் தூக்கிட்டு வந்தாக" என்பாள். ஒன்றாம் வகுப்பில் சேர்க்கப் போனபோது ஜூன் மாதம் ஐந்து வயது நிறைந்திருக்க வேண்டும் என்று விதி. பிறப்புச் சான்றிதழ் என்று ஒன்று ஏலத்தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், யாரிடமும் கிடையாது. என்னை ஏற இறங்கப் பார்த்த ஹெட்மாஸ்டர், கணக்குப் போட்டு மே மாதத்தில் ஒரு நாளை எழுதிக்கொண்டார். எனக்கு முன்னால் நின்ற பையனுக்கும் மே, பின்னால் நின்றவளுக்கும் மே. கேரளம் முழுக்க அந்தக் காலத்து ஹெட்மாஸ்டர்கள் இப்படித்தான் எழுதியிருக்கிறார்கள். அதனால்தான் இன்றைக்கும் 56 வயது நிறைந்து ஆயிரக்கணக்கான அரசு ஊழியர்கள் மே 31 அன்று ஒரே நாளில் ஓய்வு பெறுகிறார்கள். வருகிற மே 31இல் நானும் அவர்களில் ஒருத்தி. எந்தத் தேதியில் பிறந்தோம் என்பதைவிட, ஒரு ஹெட்மாஸ்டர் நம்மைத் திருப்பி அனுப்பாமல் பதிவேட்டில் ஏற்றிக்கொண்டார் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

எங்கள் தோட்டம் உடும்பஞ்சோலையிலிருந்து சதுரங்கப்பாறை மெட்டுக்குப் போகும் வழியிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. மெட்டில் நின்றால் கீழே தமிழ்நாடு முழுவதும் விரிந்து கிடக்கும். தேவாரம், கோம்பை, உத்தமபாளையம் என்று அப்பா விரல் நீட்டிக் காட்டுவார். அப்பாவின் தகப்பனார் தேவாரத்திலிருந்து மெட்டுப் பாதையில் நடந்தே ஏறி வந்தவர். போடியிலிருந்து வந்தவர்கள் போடிமெட்டு வழியாக வந்தார்கள். கம்பத்துக்காரர்கள் கம்பம்மெட்டு வழியாக. அரிசியும் கருவாடும் தலைச்சுமையாகவும் கழுதை மேலும் மலையேறின. ஏலக்காய் மூட்டை கீழிறங்கியது. தேவிகுளம், பீருமேடு தாலுகாக்கள் எந்த மாநிலத்தில் சேரும் என்ற பெரிய வழக்கு நடந்து, 1956 நவம்பர் 1இல் மலை முழுவதும் கேரளத்தோடு நின்றது. நான் பிறந்தபோது உடும்பஞ்சோலை கோட்டயம் ஜில்லாவில் இருந்தது. இடுக்கி ஜில்லா உண்டானது 1972 ஜனவரி 26இல்தான். லயத்தில் இருந்தவர்களுக்கு இந்தக் கோடுகளெல்லாம் ஏலச்செடிக்கு மேலே போகிற மேகம். கோடு எங்களைத் தொட்ட ஒரே இடம் பள்ளிக்கூடம். வீட்டில் பேசுவது தேனிப் பக்கத்துத் தமிழ். அலுவலகங்களில் எழுதுவது மலையாளம். நாங்கள் படித்தது கேரள அரசின் பாடத்திட்டத்தில், தமிழ் டிவிஷனில்.

தொடக்கப் பள்ளியை நினைத்தால் மூக்கில் முதலில் ஏறுவது மஞ்சள் சோள ரவை உப்புமா. அமெரிக்காவின் கேர் அமைப்பு கொடுத்த ரவை அது. வாங்குவதற்குத் தட்டு இல்லாதவர்கள் வட்டக்கண்ணி இலையைக் கழுவிக் கொண்டுபோவோம். அந்த உப்புமாவுக்காகவே பள்ளிக்கூடம் வந்த பிள்ளைகள் உண்டு. அவர்களில் பலர் தொடக்கப் பள்ளியோடு நின்றார்கள். அதற்கு மேல் படிக்க வேண்டுமானால் நடக்க வேண்டும்.

உயர்நிலைப் பள்ளிக்கு எங்கள் லயத்திலிருந்து ஒன்றரை மணி நேர நடை. ஜூனில் பள்ளி திறக்கும்போதே மழையும் திறந்துவிடும். இந்த மலையில் ஜூன், ஜூலைக் காற்றுக்கு முன்னால் குடை நிற்காது. சாக்கின் ஒரு மூலையை இன்னொரு மூலைக்குள் செருகிக் கொங்காணி போட்டுக்கொள்வோம். கணுக்காலில் புகையிலைத் தண்ணீரும் உப்பும் தேய்த்துக்கொண்டு போனாலும் அட்டை ஏறும். வகுப்பில் உட்கார்ந்த பிறகு பாவாடை ஓரத்தில் ரத்தம் பார்த்தால் யாரும் பதற மாட்டார்கள்; உதறிவிட்டுக் கணக்குப் போடுவார்கள். மூடுபனி அடர்ந்த நாளில் முன்னால் போகிறவளைக் கண்ணால் பார்க்க முடியாது, அதனால் சேர்ந்து போகிற நாங்கள் ஏழு பேரும் வாய்விட்டு வாய்ப்பாடு சொல்லிக்கொண்டே போவோம். குரல் நின்றால் யாரோ பின்தங்கிவிட்டார்கள் என்று பொருள். பதினேழாம் வாய்ப்பாடு எனக்கு இன்றைக்கும் தடங்கலில்லாமல் வரும்.

பள்ளியில் மலையாள டிவிஷன்கள் பல, தமிழ் டிவிஷன் ஒன்று. தமிழ்ப் பாடநூல் எங்கள் கைக்கு வந்து சேரும்போது பெரும்பாலும் ஓணப் பரீட்சை முடிந்திருக்கும். போடிக்குப் போகிறவர்களிடம் சொல்லி கோனார் உரை வாங்கி வந்தாலும் பயனில்லை. அது தமிழ்நாட்டுப் பாடத்துக்கு எழுதியது, எங்கள் பாடம் வேறு. அதனால் ஆசிரியர்களே புத்தகமானார்கள். மலையாளப் பாடநூலைக் கையில் வைத்துக்கொண்டு, பார்த்துப் பார்த்துத் தமிழாக்கிக் கரும்பலகையில் எழுதுவார்கள். நாங்கள் நோட்டில் எழுதிக்கொள்வோம். இரண்டு நோட்டுக்குக் காசில்லாதவர்கள் முதலில் பென்சிலால் எழுதி, அதே பக்கத்தில் மேலே பேனாவால் எழுதுவார்கள். வெப்பம், அழுத்தம், ஒளிச்சேர்க்கை எல்லாம் எங்களுக்குச் சாக்பீஸ் பொடியோடு சேர்ந்துதான் நினைவிருக்கின்றன.

அப்படி எழுதியவர்களில் எங்கள் தமிழ் டீச்சரைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை எழுத முடியாது. பாலக்காட்டுச் சித்தூர்க்காரர். சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ் படித்தவர். கேரளத்துக்குள்ளேயே தமிழ் படித்துத் தமிழ் ஆசிரியர் ஆகலாம் என்பதே அவர் வந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. மலைக்கு மாற்றலாகி வருகிற ஆசிரியர்கள் குளிரையும் அட்டையையும் பார்த்து அடுத்த மாற்றலுக்கு எழுதிப் போட்டுவிடுவார்கள். இவர் இருந்தார். பாலக்காட்டுக் கோடையில் வளர்ந்தவர், வந்த முதல் வருஷம் இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, அதற்கு மேல் சேலைத் தலைப்பைப் போர்த்திக்கொண்டு பாடம் நடத்தினார். ஆனாலும் இருந்தார்.

நான் ஒன்பதாம் வகுப்புப் படித்த வருஷம், காய் எடுப்பு உச்சத்தில் இருந்தது. ஏலக்காய் மரத்தில் காய்ப்பதில்லை. தட்டைக்கு அடியில், மண்ணோடு படர்ந்த சரங்களில் காய்க்கிறது. ஈர மண்ணில் குந்தி, குனிந்து, பழுத்த காயை மட்டும் பார்த்து எடுக்க வேண்டும். ஒரு சுற்று முடித்து நாற்பது நாள் கழித்து அதே செடிக்குத் திரும்ப வேண்டும். அதற்குப் பெண்களின் கைதான் வேண்டும். தம்பிக்கு அப்போது ஒன்றரை வயது. அம்மா வேலைக்குப் போனால் அவனை நான்தான் பார்க்க வேண்டும். ஒரு நாள், இரண்டு நாள் என்று தொடங்கி, பள்ளிக்கூடம் போவது நின்றே போனது. லயத்தில் மூத்த பெண்ணாகப் பிறந்த அத்தனை பேருக்கும் இதே கதை. 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம், ஐம்பது பெண்கள் வேலை பார்க்கும் தோட்டத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள இடம் அமைக்க வேண்டும் என்றது. பெரிய தேயிலைத் தோட்டங்களில் அது இருந்தது. இருபது பெண்களும் முப்பது பெண்களுமாக வேலை பார்த்த ஏலத்தோட்டங்களுக்கு அந்தச் சட்டம் எட்டவில்லை. அந்த இடைவெளியில்தான் எங்கள் பக்கத்துப் பெண்பிள்ளைகளின் படிப்பு விழுந்தது. படிப்பில் அக்கறை இல்லை, பெண்ணைப் படிக்க வைக்க மனமில்லை என்றெல்லாம் வெளியில் பேசுவார்கள். எனக்குத் தெரிந்து எந்தத் தாயும் அப்படி நினைக்கவில்லை. கைப்பிள்ளையை வைத்துக்கொள்ள ஆள் இல்லை, அவ்வளவுதான்.

ஒரு சாயங்காலம் டீச்சர் லயத்துக்கு வந்துவிட்டார். காலெல்லாம் சேறு. அம்மா அப்போதுதான் எடை போட்டுவிட்டுத் திரும்பியிருந்தாள். கை முழுக்கச் செடிக்கறை.

"பிள்ளைய ஏம்மா அனுப்பறதில்ல?"

"என்னங்க டீச்சர் செய்ய? நான் வீட்டுல இருந்தா உலை வைக்க முடியாது. இவ பள்ளிக்கூடம் வந்தா கைப்பிள்ளய யாரு பாக்குறது?"

டீச்சர் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. வரிசை வரிசையாக லயத்தைப் பார்த்தார். கடைசி வாசலில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த கிழவியைக் காட்டி, "அந்த அம்மா பாத்துக்குவாங்களா?" என்று கேட்டார். அம்மா தயங்கினாள். எனக்கு அப்பத்தா முறை ஆகவேண்டும் என்றாலும், வயதானவளிடம் சும்மா எப்படிப் பிள்ளையை விடுவது? டீச்சரே போய்க் கிழவியின் பக்கத்தில் உட்கார்ந்து பேசினார். வரும்போது, "வெத்தல பாக்குச் செலவு என்னோடது. திங்கக்கிழமை பிள்ள வகுப்புல இருக்கணும்" என்று மட்டும் சொன்னார். கிழவி என் தம்பியை மட்டுமல்ல, கொஞ்ச நாளில் லயத்தில் இன்னும் மூன்று பிள்ளைகளையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டாள். அந்த வருஷம் எங்கள் லயத்திலிருந்து பள்ளிக்கூடம் போன பெண்களின் எண்ணிக்கை கூடியது. எங்கள் பள்ளியின் சாதனை என்று எந்த ஆண்டறிக்கையிலும் இது வந்திருக்காது. என்னைக் கேட்டால் இதைத்தான் முதலில் எழுதுவேன்.

படிப்பதற்கு வெளிச்சம் வேண்டும். இடுக்கி அணையை 1976இல் திறந்தார்கள். மூலமற்றம் மின்நிலையத்தின் திறன் 780 மெகாவாட் என்று சமூக அறிவியல் பாடத்தில் எழுதி மனப்பாடம் செய்தோம். அதை மனப்பாடம் செய்தது சிம்னி விளக்கில். எங்கள் லயத்துக்குக் கரண்ட் வந்தது நான் பள்ளியை விட்ட பிறகு. மண்ணெண்ணெய் தீர்ந்துபோகும் மாதக் கடைசியில் எங்களுக்கு இருந்த ஒரே இடம் ஸ்டோர்.

ஏலக்காய் ஸ்டோரைப் பார்க்காதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எடுத்த பச்சைக் காயைக் கழுவி, கம்பிவலைத் தட்டுகளில் பரப்பி, மூடிய அறைக்குள் அடுக்குவார்கள். வெளியே அடுப்பில் விறகு எரியும். சூடு தகரக் குழாய் வழியாக அறையைச் சுற்றிப் போகும். தீ கூடினால் காய் வெடிக்கும், நிறம் போகும். குறைந்தால் பூஞ்சணம் பிடிக்கும். பச்சை நிறம் மாறாமல் காய்ந்தால்தான் போடி ஏலத்தில் விலை. அதனால் ஸ்டோர்க்காரர் இரவு முழுக்க விழித்திருப்பார். அவர் விழித்திருந்ததால் நாங்களும் விழித்திருந்தோம். அடுப்பு வாயின் வெளிச்சத்தில், முதுகில் குளிரும் முகத்தில் சூடுமாக, பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஐந்தாறு பேர் வட்டமாக உட்கார்ந்து படிப்போம். எழுதப் படிக்கத் தெரியாத ஸ்டோர்க்காரர் எங்களைப் பாடம் ஒப்பிக்கச் சொல்லிக் கேட்பார். தடுமாறினால் கண்டுபிடித்துவிடுவார். "நேத்து வேற மாதிரி சொன்ன" என்பார். முகலாய அரசர்களின் வரிசை அவருக்கு எங்களுக்கு முன்பே பாடமாகிவிட்டது. நோட்டெல்லாம் ஏலக்காய் மணக்கும். திருத்தும்போது முகர்ந்து பார்த்தே யார் ஸ்டோரில் உட்கார்ந்து படித்தவர்கள் என்று டீச்சர் சொல்லிவிடுவார்.

சமர நாட்களும், அதாவது மாணவர் வேலைநிறுத்த நாட்களும், உண்டு. காலையில் முதல் பீரியடிலேயே வராந்தாவில் கோஷம் கேட்கும்: "வித்யார்த்தி ஐக்யம் சிந்தாபாத்!" மணி அடிப்பார்கள், வகுப்பு கலையும். மலையாளப் பிள்ளைகள் துள்ளிக் குதித்து ஓடுவார்கள். எங்களுக்கு மட்டும் கால் எழும்பாது. ஒன்றரை மணி நேரம் நடந்து வந்து, உடனே திரும்பி நடந்து வீடு போனால் அங்கே காய்க்கூடை காத்திருக்கும். அதனால் தமிழ் டிவிஷனில் ஒரு வழக்கம் உண்டானது. சமரக்காரர்கள் போன பிறகு, பின்னால் இருந்த மைதான ஓரத்துப் பாறையில் போய் உட்கார்ந்து, கொண்டுவந்த சோற்றைப் பத்து மணிக்கே பகிர்ந்து தின்றுவிட்டு, நாங்களாகப் படிப்போம். ஐக்கியத்துக்கு நாங்கள் எதிரிகள் அல்ல. பின்னால் பாடநூல் தாமதத்துக்காக இரண்டு டிவிஷனும் சேர்ந்து மனு எழுதிக் கொடுத்தபோது, தமிழில் எழுதியதை மலையாளத்தில் மாற்றி எழுதியவர்கள் அதே கோஷம் போட்ட அண்ணன்மார்தான்.

மைதானம் என்றதும் எங்கள் வகுப்பில் ஓடிய ஒருவனைச் சொல்ல வேண்டும். மைதானம் என்பது பாதி பாறை, பாதி செம்மண். சுற்றி ஓடினால் ஒரு பக்கம் ஏற்றம், ஒரு பக்கம் இறக்கம். அவன் தினமும் பள்ளிக்கு ஓடியே வருவான். எங்களுக்கு ஒன்றரை மணி நேரமான தூரம் அவனுக்கு முக்கால் மணி நேரம். ஜில்லா அளவில் நடந்த போட்டியில் வெறுங்காலோடு ஓடி முதலாவதாக வந்தான். சான்றிதழ் மலையாளத்தில் இருந்தது. அவன் அப்பா அதைக் கண்ணாடி போட்டு லயத்துச் சுவரில் மாட்டினார். அடுத்த கட்டப் போட்டிக்குப் போக ஷூவும் வண்டிக்கூலியும் வேண்டியிருந்தது. கிடைக்கவில்லை. அவன் ஜீப் ஓட்டப் போனான்.

பல வருஷம் கழித்து, 2002இல், புசான் ஆசிய விளையாட்டில் 800 மீட்டர் ஓட்டத்தில் இடுக்கி கொம்பொடிஞ்சாலில் பிறந்த பீனாமோள் தங்கம் வாங்கினார். ஆண்கள் 800 மீட்டரில் அவர் தம்பி பினு வெள்ளி வாங்கினார். 2010இல் குவாங்சூவில் 10,000 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வாங்கிய பிரீஜா ஸ்ரீதரன் எங்கள் ராஜாக்காட்டுப் பக்கத்து முல்லைக்கானத்துக்காரர். பிரீஜா ஓடியதைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது, நெடுங்கண்டம் ஜீப் ஸ்டாண்டில் அந்தப் பழைய ஓட்டக்காரன் கூட்டத்துக்கு நடுவில் நின்று ஒவ்வொரு சுற்றையும் உரக்க எண்ணிக்கொண்டிருந்தான். இந்த மலையில் நடந்து வளர்ந்தவர்களின் நெஞ்சுக்கூடு அப்படி. கண்டுபிடித்து, ஷூ வாங்கிக் கொடுத்து, வண்டி ஏற்றிவிட ஒருவர் வேண்டும். அவ்வளவு பேருக்கும் அப்படி ஒருவர் அமையவில்லை என்பது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை மார்ச்சில். மொத்தம் 600, தேற 210 வேண்டும், முதல் வகுப்புக்கு 360. அந்தக் காலத்தில் 210 என்ற எண் எங்களை மிரட்டியதுபோல் எந்த யானையும் மிரட்டியதில்லை. பிப்ரவரியிலேயே நைட் கிளாஸ் தொடங்கிவிடும். தூரத்துப் பிள்ளைகள் பள்ளியிலேயே தங்கிக்கொள்வோம். பெஞ்சுகளை ஒட்டிப் போட்டுப் பெண்கள் ஒரு வகுப்பில், ஆண்கள் ஒரு வகுப்பில். பெட்ரோமாக்ஸ் விளக்கை ஹெட்மாஸ்டரே பம்பு அடித்து ஏற்றுவார். பாலாப் பக்கத்துக்காரர், தமிழ் பேச வராது. இரவு பத்து மணிக்கு ஒவ்வொரு பெஞ்சாக வந்து, "பேடிக்கண்டா மக்களே, ஒக்கெ ஜயிக்கும்" (பயப்படாதீங்க பிள்ளைகளே, எல்லாம் ஜெயிக்கும்) என்று சொல்லிவிட்டுப் போவார். எங்கள் டிவிஷன் வாசலில் மட்டும் இரண்டு தடவை சொல்வார். எங்களுக்குப் புரியவில்லையோ என்ற சந்தேகம் அவருக்கு. அம்மாமார் முறை வைத்துச் சோறு கொண்டுவந்தார்கள். ஒரு நாள் மொச்சைக் குழம்பு, ஒரு நாள் கருவாடு. பிற்பாடு மலையாளப் பெண்கள் வீட்டிலிருந்து வந்த கப்பையும் மீன்கறியும் அதோடு கலந்தது. எதிர் டிவிஷனில் யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியவந்தது அந்த இரவுகளில்தான். என் மலையாள எழுத்துக்கு முதல் வாத்தியார், அப்படி ஒரு இரவில் என் பெயரைத் தன் நோட்டில் எழுதிக் காட்டிய ஒரு விவசாயக் குடும்பத்துப் பெண்.

பாதிக்குச் சற்று மேல் தேறினாலே பள்ளிக்கூடம் பெருமைப்பட்ட காலம் அது. ரிசல்ட் வந்த அன்று நோட்டீஸ் போர்டின் முன்னால் அப்பா என் நம்பரை எழுதிய தாளோடு நின்றார். நான் தேறியிருந்தேன், முதல் வகுப்புக்குக் கொஞ்சம் குறைய. எங்கள் டிவிஷனில் முதல் வகுப்பு வாங்கியவள் ஒருத்திதான், ஸ்டோர்க்காரரின் மகள். தன் அப்பா பக்கத்தில் நின்று கேட்டுக் கேட்டே பாடமானவை அவளுக்கு முகலாயர் மட்டுமல்ல போலும். அவள் நர்சிங் படித்தாள். தலைமைச் செவிலியராக இந்த வருஷம் ஓய்வு பெறுகிறாள். அவளும் மே மாதத்தில் பிறந்தவள்தான். தோற்றவர்கள் மறுநாளே தோட்டத்துக்குப் போனார்கள். அவர்களில் இரண்டு பேர் என்னைவிட நன்றாகக் கணக்குப் போட்டவர்கள்.

பிறகு கட்டப்பனையில் அரசுக் கல்லூரியில் ப்ரீடிகிரி. சிலர் கீழே இறங்கிப் போடியிலும் உத்தமபாளையத்திலும் சேர்ந்தார்கள். எனக்கு வேலை கிடைத்தது கேரள பி.எஸ்.சி. வழியாக. தமிழும் மலையாளமும் தெரிந்த எல்.டி. கிளார்க் என்று ஒரு தனித் தேர்வு உண்டு. மொழிச் சிறுபான்மையினர் இருக்கும் பகுதிகளுக்காக. தமிழ் டிவிஷனில் படித்ததை எங்கள் குறையாகத்தான் ஊர் பேசியது. அதே படிப்பு எனக்கு வேலையாக வந்து நின்றது. முதல் வாரமே, பட்டயத்துக்கு அலைந்துகொண்டிருந்த ஒரு பூப்பாறைக்காரர் கவுண்டருக்கு வெளியில் நின்று, மலையாளத்தில் எழுதிய தாளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். "என்னண்ணே, குடுங்க, வாசிச்சுச் சொல்றேன்" என்றேன். அவர் தாளைக் கொடுக்கவில்லை. முதலில் என் முகத்தைப் பார்த்தார். "நீ யாரு வீட்டுப் பிள்ள தாயி?" என்று கேட்டார். அதற்குப் பிறகு இத்தனை வருஷத்தில் நான் வாசித்துச் சொன்ன தாள்களுக்குக் கணக்கில்லை.

இப்போது பள்ளிக்கூடம் அடையாளம் தெரியாமல் மாறிவிட்டது. உப்புமா இடத்தில் சோறும் கறியும். கம்ப்யூட்டர் அறை. மதிப்பெண் போய் 2005இல் கிரேடு வந்தது. 2023இல் கேரளம் முழுவதும் எஸ்.எஸ்.எல்.சி. தேர்ச்சி 99.70 விழுக்காடு. நோட்டீஸ் போர்டின் முன்னால் யாரும் அழுதுகொண்டு நிற்பதில்லை, அதைப் பார்க்கச் சந்தோஷமாக இருக்கிறது. 2020இல் பள்ளிகளைப் பூட்டியபோது ஃபர்ஸ்ட் பெல் என்று வீட்டுக்கே பாடம் வந்தது. தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழிலும் வந்தது. மாநிலப் பள்ளிக் கலைவிழாவான கலோத்சவத்தில் தமிழில் பேச்சும் செய்யுள் ஒப்பித்தலும் போட்டிகளாக இருக்கின்றன. எங்கள் பிள்ளைகள் அதில் ஏ கிரேடு வாங்கி வருகிறார்கள். 2025 ஜனவரியில் திருவனந்தபுரத்தில் நடந்த கலோத்சவத்தில் முதன்முறையாகப் பழங்குடி நடனங்களையும் சேர்த்தார்கள். குமுளிப் பக்கத்துப் பளியரின் நடனமும் மறையூர் மலைப்புலையரின் ஆட்டமும் தலைநகர் மேடையில் ஏறின. அந்தச் செய்தியைப் படித்த அன்று, எங்கள் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, ஆண்டுவிழாவில் ஆடு என்று யாரும் கூப்பிடாத ஒரு பளியர் வீட்டுப் பையனின் முகம் நாள் முழுக்கக் கண்ணில் நின்றது.

ஆனால் தமிழ் டிவிஷன் மெலிந்துகொண்டே வருகிறது. இங்கிலீஷ் மீடியம் மோகம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். அது பாதி உண்மைதான். மீதிப் பாதி இது. ரோடு நன்றாகி, ஜீப் பெருகிய பிறகு, காய் எடுக்கும் பெண்கள் லயத்தில் குடியிருப்பதில்லை. விடியற்காலையில் போடியிலும் தேவாரத்திலும் கம்பத்திலும் ஏறி, மெட்டு வழியாக வந்து, சாயங்காலம் இறங்கிவிடுகிறார்கள். பிள்ளைகள் கீழேயே, தமிழ்நாட்டுப் பள்ளிகளில் படிக்கிறார்கள். தாய்க்கும் பிள்ளைக்கும் அது நல்லதுதான். அட்டையும் மூடுபனியும் இல்லை, சொந்த வீடு இருக்கிறது. அவர்களை லயத்துக்குத் திரும்பி வா என்று சொல்ல எனக்கு உரிமை கிடையாது. ஆனால் இங்கேயே பட்டா நிலமும் ரேஷன் கார்டும் ஓட்டுமாக இருக்கிற தமிழ்க் குடும்பங்கள் இன்னும் ஏராளம். அவர்களுக்காகவாவது தமிழ் டிவிஷன் நிற்க வேண்டும். தேவைப்படும்போது எழுதிக்கொள்ளலாம் என்று ஒரு முறை மூடிவிட்ட டிவிஷனை மறுபடி திறக்க எவ்வளவு தாள் எழுத வேண்டும் என்பது எனக்குத் தெரியும்.

காலியான லயங்களில் இப்போது மத்தியப் பிரதேசம், ஜார்க்கண்ட், அசாம்காரர்கள் குடியிருக்கிறார்கள். என் வீட்டுக்குக் கீழே உள்ள தோட்டத்தில் அப்படி ஒரு ஜார்க்கண்ட் குடும்பம். மூத்த பெண்ணுக்குப் பன்னிரண்டு வயதிருக்கும், சின்னவனுக்கு மூன்று. அவள் கடையில் மலையாளமும், என்னிடம் தமிழும், தம்பியிடம் தன் மொழியும் பேசுகிறாள். பள்ளிக்கூடம் ஏன் போகவில்லை என்று கேட்டேன். மாற்றுச் சான்றிதழ் இல்லை என்றாள். அது பெரிய விஷயமில்லை. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி எட்டாம் வகுப்பு வரை அது இல்லை என்று யாரும் பிள்ளையைத் திருப்பி அனுப்ப முடியாது. நானே கூட்டிக்கொண்டு போய் ஹெட்மிஸ்ட்ரஸிடம் பேசிவிட்டேன். ஏழாம் வகுப்பில் சேர்த்துக்கொள்ளத் தயார் என்றார்.

அவள் அம்மாதான் தயங்கினாள். சின்னவனை யார் பார்ப்பது? ஒன்பதரைக்குத்தான் அங்கன்வாடி திறக்கும். எட்டு மணிக்குள் தோட்டத்தில் இறங்க வேண்டும். பெண்ணும் பள்ளி பஸ்ஸுக்கு எட்டரைக்கு ரோட்டில் நிற்க வேண்டும். அரைகுறை இந்தியில் நான் கேட்டதும் அவள் அரைகுறைத் தமிழில் சொன்னதும் இவ்வளவுதான். ஜூன் முதல், காலையில் வேலைக்குப் போகும்போது பையனை என் வீட்டில் விட்டுவிட்டுப் போகச் சொல்லியிருக்கிறேன். ஒன்பதரைக்கு அங்கன்வாடியில் நான் கொண்டுபோய் விடுகிறேன். மூன்றரைக்கு அங்கிருந்து கூட்டி வருவது யார் என்பதை இன்னும் பேசவில்லை. ஓட்டக்காரனின் ஜீப் அந்த நேரத்துக்கு அந்தப் பக்கம்தான் வரும், கேட்டுப் பார்க்க வேண்டும்.